இரண்டாவது சாவி

பாரதியின் குடையைப் பற்றிப் பேசாத வாய் ஆம்பூர்க் கிளையில் கிடையாது. வங்கிக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போவதென்றாலும் குடை விரியும். மழைக்கு விரித்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இவள் மார்கழி மாதத்துக் காலை வெயிலுக்கும் அல்லவா விரிக்கிறாள்! மணிக்கட்டு வரை வருகிற ரவிக்கை, கழுத்தைச் சுற்றிய முந்தானை, தலைக்கு மேல் கறுப்புக் குடை. வங்கியில் கடன் வாங்கிய, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குச் சரக்கைப் பார்வையிட இந்தக் கோலத்தில் போய் இறங்கினால், ஈரத்தோலைத் தூக்கிப் போகிற ஆட்கள் நின்று பார்ப்பார்கள்.

பாஸ்புக் அச்சடிக்கிற ஜாஸ்மினுக்கு நாக்கில் நரம்பு கிடையாது. ஒரு நாள் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டுவிட்டாள். "இன்னா மேடம், இதுக்கு மேல கறுக்கறதுக்கு இன்னா இருக்குது?"

கிளையே சிரித்தது. மேலாளர் கோதண்டராமன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பாரதியும் சிரித்தாள். இருக்கிற கலரையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் அழகுப் பைத்தியம் என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். உண்மைக்கு அது எவ்வளவோ தேவலை.

உண்மை இதுதான். அவளுக்கு லூபஸ். வேலையில் சேர்ந்து, கல்யாணமும் ஆன பிறகு வந்த வியாதி. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: வீட்டுக்குக் காவல் வைத்த ஆளே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. சில காலைகளில் விரல்கள் வீங்கி மடங்காது. சில நாள் காய்ச்சலும் அசதியும் சேர்ந்துகொண்டு ஆளையே கீழே தள்ளும். வெயில் பட்டால் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகும். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாதது போலவும் இருக்கும். தீராது, ஆனால் இதோடு வாழலாம், வேலை பார்க்கலாம், எல்லாம் செய்யலாம் என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னார். வங்கிக்காரர்களிடம் யாராவது இதையே அடித்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்ததற்குக் காரணம் ராமலிங்கம். அவளுடைய முதல் கிளையில் கடன் பிரிவைத் தன் தோளில் சுமந்த மனிதர். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஒரு நாள் வெள்ளை மனதோடு எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பழம் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள். அவர் திரும்பி வந்தபோது அவருக்கென்று தபால் மேசை தயாராக இருந்தது. வருகிற தபாலுக்கு முத்திரை குத்த வேண்டும், போகிற தபாலுக்கு முத்திரை குத்த வேண்டும். அலட்டிக்காதீங்க சார் என்றார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவரை அலட்டிக்கொள்ள விடவே இல்லை. வங்கியில் இரக்கம் என்பது ஒரு மேசையாகத்தான் வந்து சேரும் என்று பாரதி அப்போதே தெரிந்துகொண்டாள்.

அவளுக்கு வேண்டியது வேறு மேசை. மாதனூர்க் கிளை மேலாளரின் மேசை.

மாதனூர் பக்கத்துக் கிராமம்தான் அவள் ஊர். அம்மா முத்துமாரி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். விடியும்போதே கம்பெனி பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு வந்து இறங்குவாள். பாரதியின் கல்லூரிப் படிப்புக்குக் கடன் கேட்டு, கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு வந்த அம்மாவும் மகளும் மாதனூர்க் கிளைக்கு நடையாய் நடந்தார்கள். கடன் கடைசியில் கிடைத்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அத்தனை நடையிலும் அந்த மேலாளர் ஒரு முறைகூட முத்துமாரியை உட்காரச் சொல்லவில்லை. எதிரே நாற்காலி சும்மாதான் கிடந்தது. காலையெல்லாம் தையல் மிஷின் மிதித்த கால்களோடு அம்மா கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியர்வையோடு தோல் பசையின் வாடையும் அவள் மேல் வந்தது. மேலாளர் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பாரதிக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என்றாவது அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற பெண்களையெல்லாம் முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அம்மாவையும் வரவழைத்து எதிரே உட்கார வைக்க வேண்டும். பதவி உயர்வு என்றால் அவளுக்கு இதுதான் அர்த்தம்.

அதற்கு ஒரு தேர்வும் நேர்காணலும் இருந்தன. அதற்கும் முன்னால் ஒரு சாவி இருந்தது.

வங்கிப் பெட்டகத்துக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஒரு அதிகாரியிடம், இரண்டாவது சாவி இன்னொரு அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் மூடும். ஒருவர் சாவி இன்னொருவர் கைக்குப் போகவே கூடாது. வரமுடியாதவர் முறைப்படி வேறு அதிகாரியை வரவழைத்து ஒப்படைக்க வேண்டும். அதனால் சாவிக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் அது ஊருக்கே தெரிந்துவிடும். சாவிக்காரர் வராவிட்டால் வங்கி நின்றுபோகும், வாசலில் முதியோர் பென்ஷன் கூட்டம் சத்தம் போடும். சிறிய கிளைகளில் மேலாளரே ஒரு சாவியை வைத்திருக்க வேண்டும். சாவியைச் சுமக்க லாயக்கில்லாதவர் என்று பெயர் வாங்கியவரை எந்தக் கிளைக்கும் மேலாளராகப் போடமாட்டார்கள்.

ஆம்பூரில் முதல் சாவி இன்பராஜிடம் இருந்தது, இரண்டாவது பாரதியிடம். இன்பராஜ் பேரணாம்பட்டுக்காரர். இவளோடு ஒரே வருடம் அதிகாரியானவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், யாரைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை பேசாதவர். நல்லவர். இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் இனி வருகிறதெல்லாம் அவர் நல்லவராக இருந்ததால் வந்த வினை.

ஒரு காலையில் பெட்டகத்தின் முன்னால் பாரதியின் விரல்கள் சாவியைத் திருப்ப மறுத்தன. திருப்பினாள், வலி தோள் வரை ஏறியது. மறுபடி முயன்றாள், சாவி கீழே விழுந்தது. இன்பராஜ் குனிந்து எடுத்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு சாவிகளையும் தானே திருப்பினார். கதவு திறந்த பிறகுதான் என்ன ஆச்சு பாரதி என்று கேட்டார். அந்த அடைத்த அறையில், பழைய நோட்டு நாற்றத்துக்கு நடுவில், அவள் சொல்லிவிட்டாள். கணவன் ஹேமந்த், அம்மா, அந்த டாக்டரம்மா, அடுத்து இன்பராஜ். ஐந்தாவது ஆள் கிடையாது என்று பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவர் காப்பாற்றினார். வருடக்கணக்கில் காப்பாற்றினார். விரல் வீங்கிய காலைகளில் அவள் சாவியையும் அவரே திருப்புவார். கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. அவள் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு மாத்திரை போடப் போவாள். அவர் மகனின் பள்ளி விழா என்றால் தன் சாவியை இவளிடம் விட்டுவிட்டுக் கிளம்புவார். பதிலுக்கு அவருடைய கடன் அறிக்கைகளை இவள் எழுதிக் கொடுப்பாள், அதில் இவள் புலி. விதியை இருவரும் காற்றில் பறக்கவிட்டார்கள். ஆனால் ஒரு ரூபாய்கூட எந்த நாளும் தப்பவில்லை. ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதற்காகப் போட்ட இரட்டைப் பூட்டில், இவர்கள் ஒருவரை ஒருவர் நம்பித் தொலைத்தார்கள்.

பதவி உயர்வுத் தேர்வுக்கு இருவரும் சேர்ந்தே படித்தார்கள், சேர்ந்தே தேறினார்கள். மாதனூர் மேலாளர் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடத்துக்கு ஆம்பூரிலிருந்துதான் ஆள் போவார் என்று பேச்சு அடிபட்டது. சென்னையில் நேர்காணலுக்குத் தேதி குறித்தார்கள். அந்த வாரம் பார்த்து பாரதியின் உடம்பு அவளுக்கு ஒரு சலுகை கொடுத்தது. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன, முகத்து வீக்கம் வடிந்திருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய உடம்பு ஊருக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போவது போல இருந்தது.

நேர்காணலுக்கு நல்ல புடவை இல்லை. வேலூரில் எடுத்துவிடலாம், சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் போனால் நிதானமாகப் பார்க்கலாம் என்று ஹேமந்த் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு வங்கி வாசலில் வண்டியோடு வந்து நின்றான். கவுண்ட்டர் மூடியாகிவிட்டது, பெட்டகம் மூடுவதுதான் பாக்கி. பாரதி சாவியை இன்பராஜின் மேசையில் வைத்தாள்.

"வேலூர் வரைக்கும் போறேன் இன்பராஜ். நீங்களே மூடிடுங்க."

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். புடவை எடுக்க என்று அவள் சொல்லவில்லை. சொல்வதற்குக் கூச்சம். அழகுப் பைத்தியம் என்ற பட்டம் போதும் என்று நினைத்தாள்.

அவள் கிளம்பி, பெட்டகமும் மூடிய சற்று நேரத்தில் சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி வந்து இறங்கினார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது அந்த இனத்தின் வழக்கம் இல்லை. பெட்டகத்தைத் திறங்கள், இரண்டு சாவிக்காரர்களும் வாருங்கள் என்றார். ஒருவர்தான் எழுந்து வந்தார். இரண்டு சாவிகளும் அவர் கையில் இருந்தன.

வேலூரில் புடவைக்கடைப் பையன் அவர்கள் முன்னால் புடவைகளை விரித்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறத்தில் மெல்லிய அரக்குக் கரை போட்ட ஒன்றை பாரதி தோளில் போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. மேலாளர் மாதிரி இருக்கிறாய் என்று ஹேமந்த் சொன்னான். அப்போது தொலைபேசி அடித்தது. கோதண்டராமன்.

"பாரதி, எந்த வார்டும்மா?" என்றார். அவர் குரல் இதுவரை அவளிடம் பேசாத குரலாக இருந்தது, குழந்தையிடம் பேசுகிற குரல்.

அவளுக்குப் புரியவில்லை. சார் என்று மட்டும் சொன்னாள்.

"இன்பராஜ் எல்லாத்தையும் சொல்லிட்டான்மா. இவ்ளோ பெரிய வியாதிய வெச்சிக்கினு ஏன்மா எங்கிட்ட சொல்லல? நான் இன்னா மனுஷனே இல்லயா? இங்க இன்ஸ்பெக்ஷன் வந்துருக்குது. அத நான் பாத்துக்கறேன். நீ டாக்டர் சொல்றபடி கேளு. அட்மிஷன் போட்டுட்டாங்களா?"

கடைப் பையன் இன்னொரு புடவையை உதறி விரித்தான். நடந்தது என்னவென்று பாரதிக்கு ஒரு நொடியில் முழுதாக விளங்கிவிட்டது. வேலூருக்குப் போகிறேன் என்றாள். இந்தச் சீமையில் வியாதி உள்ள ஒருத்தி வேலூருக்குப் போகிறேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலூரில் கோட்டை இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, சினிமாக் கொட்டகை இருக்கிறது. ஆனால் சுற்றுப்பட்டு ஜனங்களுக்கு வேலூர் என்றால் ஆஸ்பத்திரி. அவளுடைய வியாதி தெரிந்த ஒரே சக ஊழியர் வேறு என்ன நினைப்பார்?

இல்ல சார், அட்மிஷன் இல்ல, வீட்டுக்கு வந்துடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். இந்தச் சாம்பல் நிறத்தையே பார்சல் கட்டச் சொல்லவா அக்கா என்று பையன் கேட்டான். கட்டச் சொன்னாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை பெட்டகத்தைத் திறக்க இருவரும் உள்ளே போனார்கள். அந்தக் கட்டடத்தில் அவர்கள் தனியாகப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். இன்பராஜ் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு இருந்தார்.

"நான் வேற இன்னா பண்றது பாரதி? ரெண்டு சாவியும் கையில வெச்சிக்கினு நிக்கறேன். சஸ்பெண்ட் பண்ணிடுவேன்றாரு. ரெண்டு பேரயும். நீங்க முடியாமத்தான ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, அதச் சொன்னேன். சொன்னதும் ஆளு அப்டியே அடங்கிட்டாரு."

"நான் புடவை எடுக்கப் போனேன்" என்றாள் பாரதி.

இன்பராஜ் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அத வெளிய சொல்லாதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வேடிக்கை. புடவை எடுக்கப் போனவள் சாவியைப் போட்டுவிட்டுப் போனாள் என்றால் அது குற்றம். இருவருக்கும் குற்றப்பத்திரிகை, நேர்காணலே கிடையாது. உயிர் போகிற வலியில் போட்டுவிட்டுப் போனாள் என்றால் அது பரிதாபம். பரிதாபத்துக்கு எச்சரிக்கையோடு முடிந்துவிடும், நேர்காணல் நடக்கும். இத்தனை வருடமாக வியாதியை மறைத்து அவள் ஆரோக்கியசாலியாக நடித்தாள். இப்போது ஒரு தடவை அவள் உண்மையிலேயே நன்றாக இருந்தாள், அன்றைக்குப் போய் நோயாளியாக நடிக்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கடவுள் போட்டானோ, அவன் கையில் அகப்பட்டால் கேட்கலாம்.

ஆய்வு அதிகாரி மேலாளரின் அறையில் இருந்தார். உட்காருங்கள் என்று எழுந்து நின்று சொன்னார். பாரதி உட்கார்ந்தாள். நேற்று உங்களுக்கு உடம்பு முடியாமல் போய்த்தான் சாவியைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பக்கத்தில் கோதண்டராமன் ஆமாம் என்று சொல்லேன் என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே இன்பராஜ் கையில் காகிதங்களை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அடுத்து அவள் சொன்ன பதிலை அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று எழுதினால் அவள் தியாகியாகிவிடுவாள். அவள் தியாகி இல்லை. நேர்காணல் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவள் மனதில் முதலில் இருந்தது. இன்பராஜ் இரண்டாவதுதான்.

"ஆமா சார். முடியல" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வங்கிக்குள் சொன்னது அதுதான் முதல் தடவை. காய்ச்சலோடு கவுண்ட்டரில் உட்கார்ந்த நாளிலெல்லாம் சொல்லாததை, கால்வலிகூட இல்லாத ஒரு காலையில் சொன்னாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். இன்பராஜ் விதியை மீறியது தவறுதான், ஆனால் அவசரத்தில் மனிதாபிமானத்தோடு செய்தது என்றார். உண்மையான தவறு, இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு சாவியைச் சுமந்ததுதான் என்றார். அதையும் திட்டுகிற தொனியில் சொல்லவில்லை, தடவிக் கொடுக்கிற தொனியில் சொன்னார். அன்று மாலையே அவளுடைய சாவி வேறு அதிகாரியின் கைக்குப் போனது. முறைப்படி, எல்லார் முன்னிலையிலும், ஒரு குறையும் இல்லாமல்.

நேர்காணலுக்குச் சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் போனாள். தோல் ஏற்றுமதிக் கடன், கழிவுநீர் விதிகள் மாறியதில் சிறிய ஷாப்புகளுக்கு வந்த சிக்கல், பெண்கள் குழுக்களுக்கு எப்படிக் கடன் கொடுப்பது, எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தாள். உள்ளே ஐந்து பேர். அவள் நுழைந்ததும் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் குளிர்சாதனம் அதிகமாக இருக்கிறதா, குறைக்கச் சொல்லவா என்று கேட்டார். தண்ணீர் வந்தது. எப்போதிலிருந்து இந்தத் தொந்தரவு, எந்த டாக்டர், என்ன மருந்து, வீட்டில் ஒத்தாசை இருக்கிறதா என்று விசாரித்தார்கள். கிராமத்துக் கிளைக்குப் போட்டால் வெயிலில் அலைய வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டார்கள். அலைவேன் சார், இத்தனை வருடமும் அலைந்தேன் என்றாள். அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார் தலைவர். வங்கியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில், சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் தலையாட்டி அவரைப் பாதியிலேயே முடிக்க வைத்தார்கள். வெளியே வரும்போது அவளுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்கள்.

அடுத்து உள்ளே போன இன்பராஜ் வெகுநேரம் கழித்து வியர்த்து வந்தார். போட்டு வாட்டிவிட்டார்கள் என்றார். தோல் ஏற்றுமதிக் கடனைத் துருவித் துருவிக் கேட்டார்களாம். நல்லவேளை, பாரதி எழுதித் தந்த அறிக்கைகளைப் படித்திருந்ததால் தப்பித்தாராம். அதை அவர் நன்றியோடுதான் சொன்னார். பாரதிக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ரயிலில் ஆம்பூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்தாள். அவர் அவள் மேல் வெயில் படாமல் ஜன்னலை இறக்கிவிட்டார்.

முடிவு வந்தது. மாதனூர்க் கிளை இன்பராஜுக்கு. பாரதிக்கு இந்த முறை இல்லை, உடல்நலம் தேறியதும் பரிசீலிக்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். தீராத வியாதி தேறுவதற்காக வங்கி காத்திருக்கும் என்றால் அதைவிடப் பெரிய பொறுமைசாலி யார்?

ஆம்பூரில் பதவி உயர்வு கிடைத்தவர் கிளைக்கே பிரியாணி போட வேண்டும். அது எழுதாத விதி, ஆனால் எழுதிய விதிகளை மீறுவது போல யாரும் அதை மீறுவதில்லை. இன்பராஜ் பெரிய தேக்சா அண்டாவில் வரவழைத்தார். வங்கி முழுக்க வாசனை. தோல் ஷாப் முதலாளி ஆபித் பாஷா போன்ற பழைய வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டிருந்தார். இலை போட்டார்கள். எல்லார் இலையிலும் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் விழுந்தது. பாரதியின் முன்னால் மட்டும் ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார் இன்பராஜ். உள்ளே தயிர்சாதம், மேலே மாதுளை முத்து.

"உங்களுக்கு மசாலா ஒத்துக்காதேன்னு வீட்ல சொல்லிப் பண்ணச் சொன்னேன்" என்றார்.

லூபஸுக்கும் பிரியாணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இத்தனை வருடம் அதே அறையில் அதே பிரியாணியை அவரோடு உட்கார்ந்து தின்றவள்தான் அவள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்மினின் கண்கள்கூடக் கலங்கியிருந்தன. பாரதி தயிர்சாதத்தைச் சாப்பிட்டாள். கை கழுவும்போது ஆபித் பாஷா பக்கத்தில் வந்து, ஜாஸ்தி வேல செய்யாதம்மா, ஒடம்புதான் முக்கியம் என்றார். போன மாதம் வரைக்கும் இவள் வருகிறாள் என்றால் சரக்குக் கணக்கைப் பயந்து பயந்து எடுத்து வைத்த மனிதர்.

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. கடன் பிரிவு புதிய பையனுக்குப் போனது. ஜன்னலை விட்டுத் தள்ளி, மின்விசிறிக்கு நேர் கீழே, பாரதிக்கு ஒரு மேசை போட்டார்கள். தபால் மேசை. குடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் குடையை விரித்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மகளிர் தினத்துக்கு ஜாஸ்மின் எல்லாரிடமும் வசூல் செய்து அவளுக்கு வெள்ளிப் பூச்சு போட்ட உயர்ந்த ரகக் குடை ஒன்றை வாங்கிக் கொடுத்து, அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க மேடம் என்று கையைப் பிடித்து அழுதாள். பாரதிக்கு அந்தப் பழைய கேள்வியை அவள் மறுபடி கேட்க மாட்டாளா என்று இருந்தது. கேலி செய்தபோது அவளைத் தங்களில் ஒருத்தியாக நினைத்தார்கள்.

வெயில் ஏறிய ஒரு நாள் முத்துமாரி மகள் வீட்டுக்கு வந்தாள். மாதனூர் வங்கிக்குப் போய்விட்டு நேராக வருகிறாளாம். முகமெல்லாம் சிரிப்பு.

"புது மேனேஜரு உன்கூட வேல செஞ்சவராமே. பாரதி அம்மாவான்னு எழுந்து வந்துட்டாருடி. உக்காருங்கம்மான்னாரு. நான் நிக்கறேன் சார்ன்றேன், கையப் புடிச்சி உக்கார வெச்சிட்டாரு. ஃபேன என் பக்கம் திருப்பி உட்டாரு. டீ வாங்கியாரச் சொன்னாரு."

பாரதி அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா தொடர்ந்தாள்.

"உன்ன நெனச்சி அவரு படற வருத்தம் இருக்குதே... எவ்ளோ கெட்டிக்காரப் பொண்ணு, இப்டி ஆயிடுச்சேன்னாரு. உன்னப் பாத்துக்கச் சொன்னாரு. நல்ல மனுஷன்டி."

"நல்லவர்தாம்மா" என்றாள் பாரதி.

அவள் கனவு கண்ட நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாயிற்று. காற்று வந்தது, டீ வந்தது, மரியாதை வந்தது. எல்லாம் நோயாளியைப் பெற்றவளுக்குக் கிடைத்த மரியாதை. பாரதி உள்ளே போய் அம்மாவுக்குச் சோறு போட்டாள். அம்மா சாப்பிடுகிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து அந்தக் கதையை மறுபடியும் முழுதாகக் கேட்டாள்.

மறுநாள் காலை எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தாள், மடங்கின. காய்ச்சல் இல்லை. வலியும் இல்லை. மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உடம்பு முடியவில்லை, இன்று வரவில்லை என்றாள். காய்ச்சலில் கொதித்த நாட்களில்கூட ஆட்டோ பிடித்து, சாவியைப் பைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வங்கி வாசலில் போய் இறங்கியவள். அவள் போய்ச் சேருகிற வரைக்கும் ஒரு நோட்டு வெளியே வந்ததில்லை.

கோதண்டராமன் பதறிப்போனார்.

"எடுத்துக்கம்மா, எடுத்துக்க. எத்தன நாளு வேணுமோ எடுத்துக்க. நீ வரலன்னா இங்க ஒண்ணும் நின்னுடாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டு அவள் தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.